விளக்குக் கரி

ரொம்ப காலத்துக்கு முந்தி, குவளைநாடு என்ற சீமையை வீரகேது என்று ஒரு ராஜா ஆண்டான். அவன் ஆண்டான் என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் அவனுடைய கோபமும் குஷியும்தான் மாறி மாறி ஆண்டன. குஷியான ஒரு நாளில் மாடியோடு அங்காடி மண்டபம் கட்டி, கடைகளை வாடகைக்கு விட்டான். வாடகை போக, விளக்கு, துப்புரவு, காவலுக்கென்று கடைக்காரர்கள் 'பொதுக்காசு' தனியாகக் கட்ட வேண்டும். வசூலிக்கும் அதிகாரி பராங்குசம். விளக்கு எரிகிறதோ இல்லையோ, வசூல் தவறாது.

மாடியில் வளையல் கடை வைத்திருந்தவன் சொக்கப்பன். ஒருநாள் பொழுது சாய்ந்தபின் கூடையோடு படியில் இறங்கியவன், இருட்டில் கால் இடறி விழுந்து செத்துப்போனான். அவன் பெண்டாட்டி வடிவாம்பாள் மறுபடி கடை திறந்த அன்றே பொதுக்காசுக்கு ஆள் வந்து நின்றான்.

"எரியாத விளக்குக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்?" என்றாள் அவள்.

கடையைக் காலி செய் என்று உத்தரவு வந்தது. அதோடு விட்டானா பராங்குசம்? சொக்கப்பன் குடித்துவிட்டு விழுந்தான் என்று ஊரெல்லாம் கதை கட்டினான். கள் வாடையே ஆகாத மனுஷன் அவன். அந்தப் பேச்சு வடிவாம்பாளைச் சோறு தின்னவிடாமல் செய்தது.

அவள் நேரே அரசவைக்குப் போனாள்.

"மகாராஜா, கடை போனாப் போகட்டும். அவரைக் குடிகாரர்னு சொல்றதை என்னால தாங்க முடியலை."

"விளக்குகள் இப்போதும் எரிகின்றன பிரபு, ஆள் விட்டுப் பாருங்கள்!" என்றான் பராங்குசம். எரியாமல் என்ன? இவள் வருகிறாள் என்று தெரிந்து அன்று காலையில்தான் அகல் வாங்கி வைத்திருந்தான். மற்றக் கடைக்காரர்களோ தங்கள் கடையும் போய்விடுமே என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மந்திரி நல்லசிவம் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அது கிடக்கட்டும் மகாராஜா. இளவரசருக்கு இன்று தொட்டில் போடுகிறோம். ஊருக்குப் பொதுவான விளக்கின் கரியில் மை கூட்டிப் பொட்டு வைத்தால் கண்ணேறு படாதாம். அரண்மனையில் ஏது பொது விளக்கு?" என்று பெருமூச்சு விட்டார்.

இவரும் இப்படித்தானா என்று அவளுக்குக் கண் கலங்கியது.

ராஜாவிடம் நல்ல பெயர் வாங்க வேண்டுமே! பராங்குசம் முந்திக்கொண்டான். "என் மண்டபத்தில் இருக்கிறதே பிரபு! வருஷக்கணக்காக எரிகிற விளக்குகள். மாடத்துக்கு மாடம் விரற்கடைக் கனத்துக்குக் கரி படிந்திருக்கும்!"

"அப்படியா? இப்போதே கிளம்புங்கள்!" என்று ராஜா எழுந்துவிட்டான்.

மண்டபத்தில் ராஜாவே முதல் மாடத்தில் விரலை விட்டுத் தேய்த்தான். விரலில் வெள்ளைச் சுண்ணாம்பு வந்தது. அடுத்த மாடத்திலும் அப்படியே. படிக்கட்டு மாடத்தில் அகலுக்குப் பின்னால், மண் காய்ந்து இறுகிப்போன குளவிக்கூடு ஒன்று இருந்தது.

"பராங்குசத்தின் விளக்கு குளிர்ச்சியானது போலிருக்கிறது, குளவியே குடித்தனம் நடத்தியிருக்கிறது. இளவரசருக்குச் சுண்ணாம்பைத்தான் பொட்டாக வைக்க வேண்டும்," என்றார் நல்லசிவம்.

யாரோ சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை. பதவியையும் தலைப்பாகையையும் இழந்த பராங்குசம், வாங்கிய காசையெல்லாம் திருப்பித் தருவதோடு, அன்று முதல் தன் கையாலேயே எல்லா விளக்கையும் ஏற்ற வேண்டும் என்று தீர்ப்பானது. வடிவாம்பாளைக் காலி செய்யச் சொன்ன உத்தரவும் ரத்தானது. மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. வடிவாம்பாள் நின்ற கோலத்தைப் பார்த்து, அதை அவர் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

"உனக்கு என்ன வேண்டும், கேள் அம்மா," என்றான் ராஜா.

"அவர் குடிக்கலைன்னு தண்டோரா போடச் சொல்லுங்க மகாராஜா. அது போதும்."

சாயங்காலம் தெருத்தெருவாகத் தண்டோரா முழங்கியது. கேட்டுக்கொண்டே கடையைப் பூட்டிவிட்டு வடிவாம்பாள் படிக்குத் திரும்பினாள். கீழ்ப்படி வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. இறங்கக் கால் வரவில்லை.

"இவ்வளவு வெளிச்சமா! இதுல குழந்தைகூட இறங்கிருமே," என்று சொல்லி, அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.