சுரைப்பூ மஞ்சளைத் திருப்பிக் கொடுத்த கதை

அந்தக் காலத்தில், செடிகொடிகளுக்கும் வாய் இருந்த காலத்தில், கடலோரத்தில் பன்னிரண்டே பன்னிரண்டு ஓலைவீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு இருந்தது. பள்ளிவாசல் கிடையாது, பாங்குச் சத்தமும் எட்டாது. மேற்கே மணல்மேட்டில் உயரமாக நின்றது செய்தூன் வீடு. அதனால் நோன்பு மாதத்தில் பொழுது அடைவதைப் பார்த்து ஊருக்குச் சொல்கிற பொறுப்பு அவளுடையது. அவள் செம்புத் தவலையைத் தட்டினால்தான் பன்னிரண்டு வீட்டிலும் நோன்பு திறப்பார்கள்.

அவள் கூரையில் ஒரு சுரைக்கொடி. அப்போதெல்லாம் சுரைப்பூ மஞ்சள்தான், விடிந்ததும் மலரும். யூனுஸ் நபி அலைஹிஸ்ஸலாம் மீன் வயிற்றிலிருந்து கரை சேர்ந்தபோது அல்லாஹ் முளைக்கவைத்த கொடி சுரைதான் என்றும், நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் தட்டில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடித் தேடி உண்டார்கள் என்றும் கேட்டு வளர்ந்தவள் செய்தூன். "அதாவது சுரைக்காயாவது" என்று யாராவது அவள் காதுபடச் சொன்னால் போதும், அன்று அவர்கள் சோற்றுக்கு ஆணம் ஊற்ற மாட்டாள்.

ஒரு நோன்பன்று பகலிலேயே வானம் இருட்டிக்கொண்டது. கோழிகள் அடைந்தன. தவளைகள் கத்தின. பொழுது போய்விட்டது என்று நம்பி செய்தூன் தவலையைத் தட்டிவிட்டாள். ஊரே பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக் கஞ்சியும் குடித்தாயிற்று. அப்புறம் மேகம் விலகியது. மேற்கே ஒரு முழ உயரத்தில் சூரியன் நின்றுகொண்டிருந்தது!

எல்லாருக்கும் அன்றைய நோன்பு போயிற்று. பெருநாள் கழித்து அதற்கு ஈடாக ஆளுக்கொரு களா நோன்பு பிடிக்க வேண்டும்.

"வேணும்னேவா செஞ்சே? விடு புள்ள" என்றார் ஊருக்கு மூத்தவரான நெய்னார் காக்கா. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. வயிற்றுப் பிள்ளையோடு பிடிவாதமாக நோன்பிருந்த பக்கத்து வீட்டு இளம்பெண் சித்தி பீவியை நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இனி நான் தவலையைத் தொட மாட்டேன்" என்று கொடியடியில் உட்கார்ந்து விம்மினாள். "இன்னொரு தடவை ஊர் நோன்பைக் கெடுக்க என்னால ஆகாது."

"அழாதே லாத்தா" என்றது கொடி. "எத்தனை மேகம் மூடினாலும் சூரியன் இருக்கறதும் போறதும் என் இலைக்குத் தெரியும். நாளையிலிருந்து அது அடைஞ்ச பிறகு பூக்கறேன். என் பூவைப் பார்த்துத் தட்டு."

"உனக்கென்ன பைத்தியமா? அந்த மஞ்சள் சூரியன் கொடுத்தது. அது போன பிறகு பூத்தா நிறம் ஏது? தேனீதான் வருமா?"

"நிறம் போனாப் போகட்டும். தினமும் தண்ணி ஊத்தினவ இப்படிக் கண்ணீர் ஊத்தறதை என்னால பார்க்க முடியலே."

மறுநாள் காலையில் தேனீக்கள் வந்து மொட்டுகளைத் தட்டிப் பார்த்தன. பிறகு முணுமுணுத்துக்கொண்டே பூசணிக்குப் போய்விட்டன. மத்தியானத்திலிருந்து நேற்றைவிட மோசமான மூட்டம். கையில் பேரீச்சம்பழத்தோடு ஊரே மணல்மேட்டில் கூடிவிட்டது.

"கண்ணே தெரியலையே புள்ள, தட்டேன்" என்றார் காக்கா.

"மொட்டு விரியலே காக்கா." செய்தூன் கொடியைக் காட்டினாள். "பொழுது அடைஞ்சாத்தான் பூக்கறேன்னு சொல்லியிருக்கு." நேற்று ஊரையே ஏமாற்றியவள் இன்று ஒரு மொட்டை நம்பச் சொல்கிறாள். யார் கேட்பார்கள்?

சித்தி பீவிக்கு உதடெல்லாம் வறண்டிருந்தது. ஆனாலும் வாய்வரை கொண்டுபோன பழத்தை இறக்கிக்கொண்டாள். "நீங்க சொல்லுங்க லாத்தா, அப்புறம் திறக்கறேன்" என்றாள். அதைக் கேட்டு மற்றவர்களும் கையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

வெகுநேரம் காத்திருந்தார்கள். கடைசியில் ஒரு மொட்டு மெல்ல மெல்ல விரிந்தது. மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்லை. பாலாக வெளுத்திருந்தது. செய்தூன் தவலையைத் தட்டினாள். "பிஸ்மில்லாஹ்" என்று பழம் வாய்க்குப் போனபோது மேற்கே மேகம் கிழிந்தது. எல்லாரும் பதறித் திரும்பிப் பார்த்தார்கள். சூரியன் இல்லை, செவ்வானம் மட்டும் இருந்தது.

செய்தூன் கொடியிடம் போனாள். "என்னால உன் அழகெல்லாம் போச்சே, என் தங்கம்" என்று அந்த வெள்ளைப் பூவைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று முதல்தான், பக்கத்தில் படரும் பூசணி காலையிலேயே மஞ்சளாகச் சிரிக்க, சுரைப்பூ மட்டும் பகலெல்லாம் வாய் திறக்காமல் இருந்து, நம்மோடு சேர்ந்து நோன்பு திறக்கிறது.