கயிறு கேட்ட நியாயம்

அந்தக் காலத்தில், மரமும் கயிறும் பறவையும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, கயிற்றுக்கு ஓர் அநியாயம் நடந்தது. இரண்டு பேர் சேர்ந்து சம்பாதித்த பெயரில் அவள் பங்கை மட்டும் சீமைக்காரர்கள் வெட்டிப்போட்டார்கள். ஏன் என்று கேட்டதற்குப் பொறாமைக்காரி என்று பட்டம். பொறாமைதான். பறிகொடுத்தவளுக்கு அதுகூட வரக்கூடாதா?

எல்லப்பன் என்ற மீனவன் மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கடலுக்குப் போவான். கட்டியவள் கயிறு, மிதந்தவன் மரம். அதனால் அது கட்டுமரம். பெயரில் முன்னால் நிற்பவள் தான் என்று கயிற்றுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒரு தடவை கட்டியதை எல்லப்பன் அவிழ்ப்பதே இல்லை. கரையிலும் இருவரும் பிணைந்தே கிடந்தார்கள்.

கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் அதைப் பார்த்து வியந்து, பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு நடந்ததை ஆலா என்ற கடற்பறவைதான் கடல் தாண்டி வந்து சொன்னது. அங்கே அந்தப் பெயர் ‘கேட்டமரான்’ ஆகிவிட்டதாம். இரண்டு ஓடங்களைச் சேர்த்துச் செய்த ஒரு படகுக்கு அதை வைத்துவிட்டார்களாம்.

“அதுல கயிறு எங்க இருக்கு?” என்று கேட்டாள் கயிறு.

கயிற்றால் கட்டவே இல்லையாம். பலகை வைத்து ஆணி அடித்திருக்கிறார்களாம். போதாக்குறைக்கு, ஓயாமல் சண்டை போடும் பெண்ணைத் திட்டவும் அதே பெயர்தானாம். சண்டை போடும் ஆணுக்கு? அவனுக்கென்று ஏதும் வைத்ததாக ஆலாவுக்குத் தெரியவில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டாள். அடுத்த பருவத்தில் ஆலா கொண்டுவந்த சேதியைத்தான் பொறுக்க முடியவில்லை. மூன்று ஓடங்களைச் சேர்த்து ஒரு படகு செய்து, அதற்கு ‘ட்ரைமரான்’ என்று பெயரிட்டிருந்தார்கள். ட்ரை என்றால் மூன்று. மரான் என்பது நம் மரம். கட்டு போயே போய்விட்டது.

மரம் பூரித்துப்போனான். “பாத்தியா தங்கச்சி, நீ இல்லாம அவங்களுக்கு ஓடுது. நான் இல்லாம ஓடல. வாரிசுகூட என் பேருலதான்.”

கயிறு அவன் உடம்பைச் சுற்றிக் கிடந்தபடியே உள்ளுக்குள் வெந்தாள். மறுநாள் கரை கண்ணுக்கு மறையும் தூரம் போய் எல்லப்பன் வலையை வீசியபோது, முடிச்சைத் தானே நெகிழ்த்திவிட்டாள்.

மரங்கள் ஆளுக்கொரு பக்கம் போயின. எல்லப்பன் தண்ணீரில் விழுந்தான். கைக்கு அகப்பட்ட மரத்தின்மேல் ஏறினால், அது உருண்டு அவனையே கீழே தள்ளியது. மறுபடி ஏறினான், மறுபடி உருண்டது. அவனுக்கு மூச்சு வாங்கியது.

“வந்து பிடி தங்கச்சி, ஆளு போயிருவான்” என்று மரம் கெஞ்சினான்.

“இப்ப உன் பேரு என்னண்ணே?”

“வெறும் மரம்.”

“அத சீமையில போய்ச் சொல்லு.”

“சொன்னா கேப்பாங்களா அவங்க?”

கேட்கமாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். ஆனால் எல்லப்பன் என்ன பாவம் செய்தான்? அவன் தலை அலைக்குள் முங்கியதைக் கண்டதும் அவளுக்குப் பதறியது. நெளிந்து போய் அவன் கைக்குள் புகுந்தாள். அவன் மரங்களை இழுத்துச் சேர்த்துக் கட்டினான்.

கரை வந்ததும் கயிறு அவனிடமே வழக்கை வைத்தாள். பெயரில் பங்கில்லாதவள் இந்த மரத்தோடு ஏன் பிணைந்து கிடக்க வேண்டும்? எல்லப்பன் மணலில் மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்தான். மரங்களைத் தனித்தனியாக வெயிலில் தள்ளிவிட்டு, கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

அன்று முதல்தான் கட்டுமரம் கரையேறியதும் கட்டு அவிழ்கிறது. மரம் மணலில் காய்கிறது, கயிறு மீனவனோடு வீட்டுக்குப் போகிறது. அன்று போகும் வழியில் எல்லப்பன் அவளுக்குச் சொன்ன பதில் இதுதான்:

“அவங்க படகுக்கு அவங்க என்ன பேரு வேணா வச்சுக்கட்டும்மா. நாளைக்கு நீ வர்ற வரைக்கும் மரம் மணல்லயே கெடக்கும். நீ இல்லாம நானும் கடலுக்குப் போக முடியாது.”