வாய் நிறைய அத்திப்பழம்

ஒரு காட்டில், மழை பாதி வழியில் எங்கோ படுத்துத் தூங்கிவிட்ட ஒரு வருடம் வந்தது. ஓடை மெலிந்தது. புல்லின் நுனியில் மஞ்சள் ஏறியது. மாலையானால் மரங்களுக்கிடையே மெல்லிய தூசி எழும்பி, சாய்வெயிலில் பொன்னாகி, கீழே இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டிருக்கும். கண்ணுக்கு அது விருந்தாகத்தான் இருந்தது. வயிற்றுக்குத்தான் ஒன்றும் இல்லை.

அந்தக் காட்டின் நடுவே ஒரு பெரிய அத்திமரம். மேலே குரங்குகள், கீழே புள்ளிமான்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடித்ததல்ல, தானாக வந்தது.

குரங்குகளுக்கு ஒரு பழத்தை முழுசாகத் தின்னும் பழக்கம் கிடையாது. ஒரு கடி கடித்ததும், பக்கத்துப் பழம் இன்னும் இனிக்குமோ என்று மனம் தாவிவிடும். கையிலிருப்பது கீழே விழும். விழுந்ததை மான்கள் தின்னும். தின்றுகொண்டே தரைப்பக்கம் காதைத் தீட்டி வைத்திருக்கும். குரங்குகள் மேலேயிருந்து தூரத்தைப் பார்த்துக்கொள்ளும். சிறுத்தை எந்தப் பக்கம் வந்தாலும் யாராவது ஒருவர் கத்திவிடுவார்கள்.

மான்கள் நடந்தால் புல்லிலிருந்து பூச்சிகள் எழும்பும். அவற்றைப் பாய்ந்து பிடித்து வாழ்ந்தது ஒரு கரிச்சான் குருவி. அப்படிப் பார்த்தால், குரங்கு நழுவவிட்ட ஒவ்வொரு பழத்திலும் கரிச்சானுக்கு ஒரு பங்கு இருந்தது. கரிச்சான் அப்படிப் பார்த்ததே இல்லை. அதற்கு வேறு வேலை இருந்தது.

அது பேசும்.

யார் குரலையும் அப்படியே எடுத்துப் பேசும். ஓடைக்கரையில் நின்ற பட்டமரத்தின் உச்சியில் உட்கார்ந்து, காடு எப்படி இருக்கிறது என்று தினமும் மாலையில் சொல்லும். நல்ல காலத்தில் அதை யாரும் கேட்டதில்லை. காடுதான் கண்ணெதிரே இருக்கிறதே! கெட்ட காலம் வந்ததும் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தைப் பார்த்த கரிச்சான், பேச்சுக்கு இரண்டு பேரை வரவழைத்தது. காட்டை ஆளும் யானையின் பக்கம் பேச ஒரு மயில். எதிர்ப்பக்கம் பேச ஓர் ஆள்காட்டிக் குருவி.

அத்திமரத்தில் தவிட்டி என்று ஒரு மந்தி இருந்தது. தவிட்டு நிறம், சுருங்கிய முகம், எதையும் கொஞ்சம் நம்பிவிடும் மனசு. அது மரத்தை விட்டு இறங்காமலே கேட்கும். கரிச்சானின் குரல் அந்தப் பொன் தூசியில் மிதந்து, கிளைவரை வந்துவிடும்.

"வணக்கம், வணக்கம்! இன்றைய கேள்வி. காடு தேறுமா, தேறாதா?"

மயில் தோகையை விரித்தது. "பஞ்சம் என்ற சொல்லே தவறு. பழங்கள் சற்று ஓய்வெடுக்கின்றன, அவ்வளவுதான். யானையார் இதைப் பற்றி ஆழமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். என் தோகையைப் பாருங்கள், இதில் எங்கேயாவது பஞ்சம் தெரிகிறதா?"

"ஓய்வாம் ஓய்வு!" ஆள்காட்டி ஒற்றைக்காலில் குதித்தது. "போச்சு! எல்லாம் போச்சு! நாளைக்கு இலைகூட மிஞ்சாது. காட்டைத் தின்றது யார்? யானையைக் கேளுங்கள் முதலில்!"

"தின்றது இவருக்கு முன் ஆண்டுவிட்டுப் போன யானை!" என்றது மயில்.

"போன யானைக்குத் தோகை வீசியது யார்? நீங்கள்தானே ஐயா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மயில் சொன்னதை மயில் குரலிலும், ஆள்காட்டி சொன்னதை ஆள்காட்டி குரலிலும் கரிச்சான் இன்னொரு முறை சொல்லிக் காட்டியது. அதற்கும் சிரிப்பு. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது: "சரி, காட்டு மக்கள் என்னதான் செய்ய வேண்டும்?"

"நம்பிக்கையோடு, கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்" என்றது மயில்.

"பயத்தோடு, கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்" என்றது ஆள்காட்டி.

"ஆக, இரு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. போடாதே, பிடி!" என்று முடித்தது கரிச்சான்.

போடாதே, பிடி. அந்தச் சொல் தவிட்டியின் காதில் இரவெல்லாம் வண்டுபோல ரீங்கரித்தது.

மறுநாள் அத்திமரத்திலிருந்து ஒரு பழம்கூட விழவில்லை.

குரங்குகளுக்குக் கன்னத்தில் இரண்டு பைகள் உண்டு, தெரியுமா குழந்தைகளே? அவசரத்துக்குப் பழத்தை அதில் அடைத்துக்கொண்டு, அப்புறம் மெல்லலாம். இப்போது எல்லாக் குரங்குகளும் பழத்தை அடைத்துக்கொண்டன, மெல்லத்தான் இல்லை. மரத்தில் பழம் குறைந்திருந்ததே தவிர, தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் நாளைக்கு வேண்டும், நாளன்றைக்கு வேண்டும் என்று கன்னம் புடைக்க உட்கார்ந்திருந்தன. பக்கத்துக் கிளையில் இருப்பவரிடம் "சௌக்கியமா?" என்று கேட்கக்கூட ஒருவருக்கும் வாயில் இடமில்லை.

கீழே மான்கள் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துப் போயின. பிறகு ஒவ்வொன்றாகத் தூரத்துப் பள்ளத்தாக்குக்கு நடையைக் கட்டின. மருதி என்ற பெண்மான் மட்டும் தங்கிவிட்டது. அதன் குட்டி பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நின்றால் கால் ஆடும், நடந்தால் முட்டி மடங்கும். அதைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

"தவிட்டி அக்கா, ஒரே ஒரு பழம் போடேன்."

தவிட்டி பழங்களை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுக் கொழகொழவென்று பேசியது. "காலம் சரியில்லை மருதி. நீயும்தான் கேட்டாயே."

"நேரே போய்க் கேட்கவில்லை அக்கா. அதுதான் இன்றைக்குப் போகலாம் என்று பார்க்கிறேன். இருப்பதா, கிளம்புவதா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள் அல்லவா? எனக்குப் பால் வற்றிக்கொண்டே வருகிறது. குட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறாயா?"

பழம் கேட்டபோது கல்லாக இருந்த தவிட்டிக்கு, இது எளிதாகத் தோன்றியது. "போய் வா. மேலேயிருந்து என் கண் போகாத இடமா?"

மருதி குட்டியைப் புல்லுக்குள் படுக்க வைத்து, நெற்றியை நக்கிவிட்டுப் போனது. இலைகளின் ஊடே விழுந்த வெயில் பொட்டுகளுக்கு நடுவே தன் புள்ளிகளையும் கலந்துகொண்டு குட்டி கிடந்தது. எது வெயில், எது குட்டி என்று சொல்ல முடியாது. மூச்சு விடும்போது மட்டும் வெயில் லேசாக ஏறி இறங்கியது.

மாலை வந்தது. பொன் தூசி எழும்பியது.

"வணக்கம், வணக்கம்! இன்றைய கேள்வி. காட்டின் கடைசிப் பழம் எது?"

தவிட்டியின் கன்னங்கள் இரண்டும் நிறைந்திருந்தன. பேச்சைக் கேட்டதும் அது அவசரமாக இன்னொரு பழத்தைப் பறித்து வாய்க்குள் திணித்துக்கொண்டது. பிறகு கிளையில் சாய்ந்தது. பசியும் பேச்சும் சேர்ந்து கண்ணைச் சொக்க வைத்தன. பாதித் தூக்கத்தில் ஒரு கனவு. கன்னத்துக்குள் இருக்கும் பழங்கள் முளைக்கின்றன, வேர் விடுகின்றன, காதுவழியாகக் கிளைகள் கிளம்புகின்றன. கிளையெல்லாம் பழம். அவ்வளவு பழத்துக்கும் நடுவே அது மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறது. கீழே யாரும் இல்லை. பறவைகூட இல்லை. "மருதி!" என்று கூப்பிடுகிறது, சத்தம் வரவில்லை.

கண் விழித்தது.

காற்று நின்றிருந்தது. ஆனால் ஒரு புல் அசைந்தது.

அசைந்த புல்லுக்கு அடுத்த புல் அசைந்தது. அதற்குள் இரண்டு மஞ்சள் கண்கள். சிறுத்தை! எல்லாரும் பட்டமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து வந்திருக்கிறது. அவசரமே இல்லாமல், அடிமேல் அடி வைத்து, குட்டி கிடந்த பக்கமாகப் போனது.

தவிட்டி கத்தியது.

"ம்ம்ம்ம்!"

அவ்வளவுதான் வந்தது. வாயில் பழம். மற்ற குரங்குகள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்த ஒன்றிரண்டும் "ம்ம்" என்று தலையாட்டிவிட்டுப் பேச்சைக் கேட்கத் திரும்பிக்கொண்டன.

துப்பினால் கத்தலாம். துப்பினால் நாளைக்கு என்ன? நாளன்றைக்கு என்ன? கடைசிப் பழமாக இருந்தால்? ஒரு மூச்சு விடும் நேரம் தவிட்டி அப்படியே உறைந்திருந்தது. கீழே வெயில் ஏறி இறங்கியது. சிறுத்தையின் முன்னங்கால் மடங்கியது.

தூ!

வாயிலிருந்தது, வலக்கன்னத்தில் இருந்தது, இடக்கன்னத்தில் இருந்தது, அத்தனையும் பொலபொலவென்று சருகின் மேல் விழுந்தன. அதன் பின்னாலேயே வந்தது குரல். எத்தனை நாள் அடைத்துக் கிடந்த குரல்! காடு இரண்டாகப் பிளந்ததுபோல் ஒரு கத்தல்.

சிறுத்தை திடுக்கிட்டு மேலே பார்த்தது. "அட, உனக்கு இன்னும் வாய் இருக்கிறதா? எல்லாருக்கும் அடைத்துவிட்டது என்றல்லவா நினைத்தேன்!"

"இருக்கிறது! கிட்டே வந்து பார், பல்லும் இருக்கிறது!" தவிட்டி கிளையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இன்னும் கத்தியது.

சத்தம் ஓடைக்கரைக்குப் போனது. அங்கே என்ன நடந்தது தெரியுமா?

"இதோ, இப்போது கிடைத்த செய்தி!" என்று கரிச்சான் சிறகை அடித்துக்கொண்டு, தவிட்டியின் கத்தலை அச்சுப் பிசகாமல் கத்திக் காட்டியது. "இதைப் பற்றி உங்கள் கருத்து?"

"வதந்தி!" என்றது மயில். "யானையார் ஆட்சியில் சிறுத்தைகள் மூலிகை தின்று உடம்பைப் பார்த்துக்கொள்கின்றன."

"ஒரு சிறுத்தையா? நூறு சிறுத்தை! எல்லாம் யானை வளர்த்தவை!" என்றது ஆள்காட்டி.

கூட்டம் பாதி மயிலுக்கும் பாதி ஆள்காட்டிக்கும் ஆரவாரம் செய்தது. ஒருவரும் கழுத்தைத் திருப்பவில்லை. மருதி மட்டும் திரும்பியது. குரல் ஒன்றேதான், ஆனால் இரண்டு இடத்திலிருந்து வந்தது. பட்டமரத்திலிருந்து வந்ததை விட்டுவிட்டு, அத்திமரத்திலிருந்து வந்ததை நோக்கி அது ஓடியது.

சிறுத்தை என்பது கூச்சம் மிகுந்த பிராணி. தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அப்புறம் வேட்டை ஓடாது. ஏதோ வழி தவறி வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, வாலைச் சுழற்றியபடி புதருக்குள் போய்விட்டது.

மருதி மூச்சிரைக்க வந்து குட்டியைத் தலையிலிருந்து வால்வரை நக்கியது. மறுபடி வாலிலிருந்து தலைவரை நக்கியது. பிறகுதான் சுற்றிலும் சிதறிக் கிடந்த பழங்களைப் பார்த்தது.

"அக்கா, இதெல்லாம் நீ சேர்த்து வைத்ததாயிற்றே. நான் தொடமாட்டேன்."

தவிட்டி தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தது. தொளதொளவென்று தொங்கியது. "சும்மா தின்னடி. என் எச்சில் என்ன உனக்குப் புதிதா?"

மருதி தின்றது. இருட்டுவதற்குள் குட்டி மடியை முட்டிமுட்டிக் குடித்தது.

மற்ற குரங்குகள் தவிட்டியைச் சூழ்ந்துகொண்டன. கொழகொழவென்று ஒரு கிழக் குரங்கு கேட்டது: "பைத்தியமா உனக்கு? பட்டமரத்தில் சொன்னது காதில் விழவில்லையா?"

"விழுந்தது" என்றது தவிட்டி. "சிறுத்தைக்கும் விழுந்தது."

கிழக் குரங்கு வாயிலிருந்ததை மென்று விழுங்கியது. விழுங்கிவிட்டு, கையிலிருந்த பழத்தை ஒரு கடி கடித்து, மீதியைப் பழைய ஞாபகத்தில் நழுவவிட்டது. பொத். அந்தச் சத்தத்தை எல்லாருமே மறந்திருந்தார்கள்.

கடித்த அத்திப்பழத்தின் வாசனை காற்றோடு பள்ளத்தாக்குவரை போனது. மான்கள் வந்த வழியே ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கீழே மான்களின் காது இருந்ததால், குரங்குகள் பயமில்லாமல் தரைக்கு இறங்கிக் கிழங்கு தோண்டின, உதிர்ந்த புளியம்பழம் பொறுக்கின. மழை வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் அது இந்தக் கதைக்கு அப்புறம்.

ஒரு மாலை, பட்டமரத்தடியில் கூட்டம் மெலிந்துபோனதால் கரிச்சான் அத்திமரத்துக்கே வந்தது. மான்கள் போயிருந்த நாட்களில் பூச்சி கிடைக்காமல் அதுவும் இளைத்துக் குச்சியாகியிருந்தது. ஆனாலும் குரல் மட்டும் குறையவில்லை.

"தவிட்டி அக்கா, காடே உங்களைப் பற்றித்தான் பேசுகிறது. இரண்டே கேள்வி. முதல் கேள்வி, காடு தேறுமா, தேறாதா?"

தவிட்டி ஒரு பழத்தை ஒரு கடி கடித்தது. நிதானமாக மென்றது. மீதியைக் கீழே போட்டது.

மருதி அதை எடுக்க ஓர் அடி வைத்தது. பின்னாலேயே குட்டி, இப்போது கால் ஆடாமல், துள்ளியது. அதன் குளம்படியிலிருந்து கொழுத்த வெட்டுக்கிளி ஒன்று பொன் தூசிக்குள் எழும்பியது. கரிச்சான் தன்னை மறந்து பாய்ந்தது. ஒரே பிடி.

வாய் நிறைய வெட்டுக்கிளியோடு அது கிளைக்குத் திரும்பியது. இரண்டாவது கேள்வியைக் கேட்க முடியவில்லை. கீழே மான்கள் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. கரிச்சான் முதல்முறையாகக் கழுத்தைச் சாய்த்து, அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

நீதி: கெட்ட காலத்தில், உயரத்தில் உட்கார்ந்து உரக்கப் பேசுகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்காதே, உன் கிளைக்குக் கீழே நிற்பவரைப் பார்.