எலும்புத் தோணியும் ஒரு மர ஆணியும்

முன்னொரு காலத்திலே, ரொம்ப ரொம்ப முன்னே, முத்தலைக்கரை என்று ஒரு ஊர். தோணி கட்டுகிற ஊர். வெட்டினார்கள், வெட்டினார்கள், காடு மொட்டையாகும்வரை வெட்டினார்கள். கடைசியாக நின்ற இலுப்பையையும் விட்டுவைக்கவில்லை, பாவிகள்! அதில் குடியிருந்த யட்சி சபித்துவிட்டாள்.

"வெட்டின மரமெல்லாம் கடல்தண்ணி பட்டால் உப்பாகட்டும்! வெட்டின மரமே இல்லாத தோணி கடல் தாண்டினால்தான் இந்தச் சாபம் தீரும்."

அந்த நிமிஷமே கடலில் இருந்த தோணியெல்லாம் கரைந்தது. ஒன்பது ஆண்கள் நீந்திப்போய் மொட்டைத்தீவில் ஏறினார்கள். அவர்களில் ஒருவன் சடையப்பன், தோணி கட்டும் வடிவின் புருஷன். தீவில் ஒரே ஒரு ஊற்று. கோடை வந்தால் வற்றிவிடும். கரையிலிருந்து பார்த்தால் அவர்கள் கையாட்டுவது தெரியும்; நடுவில் ஓடும் நீரோட்டத்தை மீறி நீந்தித் திரும்பத்தான் முடியவில்லை.

வடிவு தன் வீட்டுக் கதவை மிதக்கவிட்டாள். பழசானால் என்ன, அதுவும் வெட்டின மரம்தானே? உப்பாகிக் கரைந்தது. வாழைத்தண்டைக் கட்டினாள். அலை பிய்த்தெறிந்தது. மண்குடங்களைச் சேர்த்துக் கட்டினாள். உடைந்து நொறுங்கின. ஒருநாள் தீவில் கையாட்டுவதும் நின்றது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

கரையில் ஒரு திமிங்கிலம் ஒதுங்கிக் கிடந்தது. "உடம்பு எரியுதே, தாயி," என்றது.

"என் வயிறே எரியுது, நீ வேற!" என்று கத்தினாள். ஆனாலும் குடத்தை எடுத்தாள். மூன்று நாள் தண்ணீர் ஊற்றினாள். பிழைக்கவில்லை. சாகும்போது, "என் எலும்பை எடுத்துக்கோ. அதுக்குக் கடல் தெரியும்," என்றது.

விலா எலும்புகளைச் சேர்த்துக் கட்டினாள். மேலே போர்த்த வேண்டுமே? தன் கூறைப்புடவையைப் போட்டாள். தீவில் சிக்கிய மற்ற எட்டுப் பேரின் பெண்டாட்டிகளும் தங்கள் கூறைப்புடவையைக் கொண்டுவந்தார்கள்.

"என்கிட்ட மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான், வடிவு," என்றாள் அங்காயி.

"அவரைக் கொண்டுவந்துடுவேன், அக்கா."

தைத்து, தண்ணீர் புகாமல் குங்கிலியப் பிசின் காய்ச்சிப் பூசினாள். தோணி முடிந்தால் கடைசியாக ஒரு மர ஆணி அடிப்பது அந்த ஊர் வழக்கம். கை சும்மா இருக்குமா? அடித்துவிட்டாள், முட்டாள்!

நடுக்கடலில் ஆணி உப்பாகிக் கரைந்தது. துளையில் தண்ணீர் கொப்பளித்தது. கட்டைவிரலைத் திணித்தாள். எலும்புத் துடுப்பை ஒற்றைக் கையால் போட்டால் தோணி சுற்றிச் சுற்றி வருகிறது. விரலை எடுத்தாலோ மூழ்கிவிடும்.

"நானே உங்களைக் கொன்னுட்டேனே!" என்று தீவைப் பார்த்து ஓவென்று அழுதாள்.

அப்போது எலும்புகள் அசைந்தன. தோணியில் இனி வெட்டின மரம் ஒரு துணுக்குக்கூட இல்லையே! அது தானாகவே நீந்தத் தொடங்கியது.

தீவில் ஊற்று வற்றியிருந்தது. நாலு பேருக்குத்தான் மூச்சு இருந்தது. சடையப்பன் கண்ணைத் திறந்து, "இது என்ன மரம், வடிவு?" என்றான். உயிரோடிருந்த நாலு பேரை மட்டும் அவள் தோணியில் ஏற்றினாள்.

கரைக்குத் திரும்பியபோது இலுப்பையின் வேரில் துளிர் விட்டிருந்தது. சாபம் தீர்ந்தது. நாலு வீட்டில் அடுப்பு எரிந்தது. வடிவு மட்டும் தோணியருகே உட்கார்ந்து, அங்காயியின் புடவையைத் தையல் பிரித்து மடித்து அவளிடம் நீட்டினாள்.

"இதைத்தான் கொண்டுவர முடிஞ்சுது, அக்கா."

அங்காயி வாங்கவில்லை. "திரும்பத் தைச்சுடு. அவரை மண்ணுல வைக்கவாவது கூட்டிட்டு வா."

வடிவு ஊசியில் நூல் கோத்தாள்.