ஓலைக் கோயில் எரிஞ்ச கதை

ஒரு ஊர்ல ஒரு ஓலைக் கோயில் இருந்துச்சு. சுத்திலும் செக்கச்செவேல்னு தேரி மணலு, பனங்காடு. நம்மள மாதிரி வேதக்கார சனங்க இயேசு சாமியக் கும்புடுற கோயிலு அது. மண்ணு சொவரு, மேல பனையோல. காத்தடிச்சா சரசரசரன்னு சத்தம் கேக்கும். "ம்" சொல்லு, அப்பத்தான் சொல்லுவேன்.

ம்.

அந்தக் கோயில தெபோராள்னு ஒரு அம்மா கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருந்தா. புருசன் இல்ல, புள்ள இல்ல. அவளுக்குக் கோயில்தான் எல்லாம். சாயங்காலம் செபம் முடிஞ்சதும் வெளக்க ஊதி அணைச்சுட்டு, கதவச் சாத்திட்டுப் போவா. அதே ஊர்ல சீயோன்மணின்னு ஒருத்தி. நல்லாப் பாடுவா. பாட்டுன்னா அவதான் மொதல்ல எடுத்துக் குடுக்கணும், அப்படி ஒரு பேரு அவளுக்கு.

ஒரு நாளு செபம் முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க. சீயோன்மணி வீட்டுக்குப் போய்ப் பாத்தா, வேதப்புத்தகத்தக் கோயில்லயே வெச்சுட்டு வந்துட்டா. அப்புறம் திரும்பிப் போனா. உள்ள இருட்டிக்கிட்டு வந்துச்சு. அணைச்சு வெச்சிருந்த வெளக்க எடுத்துப் பொருத்தி, தேடி, புத்தகத்த எடுத்தா. அப்போ வெளிய அவ ஆடு "மே... மே..."ன்னு கத்துது. யாரு தோட்டத்துலயோ பூந்துருச்சுபோலன்னு ஒரே ஓட்டமா ஓடுனா. வெளக்க ஜன்னல் கட்டையிலயே விட்டுட்டா.

மேக்காத்து காலம் அது. கொஞ்ச நேரத்துல குபுகுபுகுபுன்னு பொகை. சடசடசடன்னு ஓல எரியுது. ஊரே கொடத்தத் தூக்கிக்கிட்டு ஓடுச்சு. என்ன ஊத்தி என்ன, சொவரு மட்டுந்தான் மிஞ்சுச்சு.

எல்லாரும் தெபோராளப் பாத்தாங்க. யாரும் திட்டல. ஆனா கோயில்ல செபம் நடத்துற உபதேசியார் மெதுவா, வெளக்க அணைச்சியாம்மான்னு கேட்டாரு. அவ அணைச்சேன்யான்னு சொன்னா. சொல்லிட்டு, கரிஞ்சு கெடந்த ஜன்னல் கட்டையையும் அதுமேல இருந்த வெளக்கையும் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்துட்டு, "மறந்துட்டேன்போல இருக்கு"ன்னு சொல்லி மண்ணுல உக்காந்துட்டா.

சீயோன்மணி பக்கத்துலதான் நின்னா. கையில தண்ணிக் கொடம்.  இப்பச் சொல்லணும், இப்பச் சொல்லணும்னு நெனச்சா. வாய் தெறக்கல. அப்புறம் ராவாச்சு, விடிஞ்சுது. தெபோராள் ரெண்டு சீலைய மூட்டகட்டிக்கிட்டு, தம்பி வீட்டுக்குப் போறேன்னு அடுத்த ஊருக்குப் போயிட்டா. அவள வழியனுப்பக்கூட ஒருத்தரும் வரல.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அப்புறம் பூவரச மரத்தடியில ஆராதனை நடந்துச்சு. சீயோன்மணி பாட்டு எடுத்துக் குடுக்காம, பின்னால போயி உக்காந்துக்குவா. வீட்டுல முழங்கால் போட்டா முதுகு கூசும். ஆண்டவரு வீட்டையே எரிச்சுட்டு அவருகிட்டப் போயி என்னத்தப் பேசுறதுன்னு எந்திரிச்சுருவா. நமக்குப் பதிலா வேற யாராவது நல்லவங்க போயிப் பேசுனா கேப்பாருல்லன்னு அவளுக்குத் தோணுச்சு.

மொதல்ல உபதேசியார்கிட்டப் போனா. எனக்காக செபம் பண்ணுங்கய்யான்னா. எதுக்கும்மான்னு அவரு கேட்டாரு. நெசத்தச் சொல்ல வெக்கமாப் போச்சு, தலவலின்னுட்டா. பாவம், அவரும் கண்ண மூடி, தலையில கை வெச்சு, உருகி உருகி செபிச்சாரு. இல்லாத தலவலி எங்க இருந்து போகும்?

அப்புறம் பக்கத்து ஊர்ல செபக்கார அம்மா ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க செபிச்சா கல்லும் கரையும்னு பேரு. அங்க போயி, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டா, அவளுக்காக செபிங்கன்னா. அந்தம்மா கண்ணீர் விட்டு, அந்த முகந்தெரியாத மகளை மன்னியும் ஆண்டவரேன்னு கேட்டாங்க. சீயோன்மணி அந்த மகளுக்கு ஆமென் சொல்லிட்டு, வந்த மாதிரியே திரும்பி வந்தா.

அப்போ அவ ஊர்ல மாசிலாமணின்னு ஒரு பெரியவரு சாகக் கெடந்தாரு. சாயங்காலத்துக்குத் தாங்காதுன்னாங்க. சீயோன்மணிக்கு ஒரு ரோசன. இவரு நேராப் போயி ஆண்டவரைப் பாக்கப் போறாரே! கஞ்சி கொண்டாந்தேன்னு சாக்குச் சொல்லி உள்ள போனா. மத்தவங்க வெளிய இருந்தாங்க. அவரு காதுகிட்டக் குனிஞ்சு எல்லாத்தையும் கொட்டிட்டா. அந்த ஊர்ல மொதமொதல்ல அவரு காதுலதான் அது விழுந்துச்சு. சொல்லி முடிச்சுட்டு, "தாத்தா, நீங்க அவருகிட்டச் சொல்லி எனக்கு மன்னிப்புக் கேளுங்க. என் மூஞ்சிய அவரு பாக்க மாட்டாரு"ன்னு கேட்டா.

பெரியவருக்கு மூச்சு கர்... கர்...ருன்னு இழுக்குது. அப்பவும் லேசாச் சிரிச்சாரு.

"நான் என்ன அவருக்கு வேண்டப்பட்டவன்னா நெனச்ச? இந்த வாயால எத்தனை பேரை அழவெச்சிருக்கேன் தெரியுமா உனக்கு? நானும் வெறுங்கையோடதான் போறேன். இயேசு சாமி வாசலத் தொறந்து வெச்சிருக்காருன்னு நம்பித்தான் போறேன்."

கொஞ்சம் மூச்சு வாங்குனாரு. இயேசு சாமி சிலுவையில உயிர விட்டப்போ, எருசலேம் கோயில்ல சாமி இருக்குற எடத்த மறைச்சுத் தொங்குன திரை ரெண்டாக் கிழிஞ்சுதுன்னு சண்டே ஸ்கூல்ல படிச்சீல்ல? அதத்தான் சொன்னாரு.

"அன்னைக்குக் கிழிஞ்ச திரைய இன்னும் யாரும் தைக்கல தாயி. எனக்கு ஒரு வாசல், உனக்கு ஒரு வாசல்னு அங்க இல்ல. நீயே போ."

அதுக்கப்புறம் அவரு பேசல.

சீயோன்மணி வெளிய வந்தா. நல்ல உச்சி வெயிலு. மணலு காலச் சுடுது. நேரா எரிஞ்ச கோயிலுக்குள்ள போனா. கூர இல்ல, கதவு இல்ல, வானம் தெரியுது. கரியில முழங்கால் போட்டா. பெரிய செபம் எதுவும் வரல. "ஆண்டவரே, நான்தான்"னா. அவ்வளவுதான். அப்புறம் அழுகதான் வந்துச்சு.

இடி இடிக்கல, சத்தம் ஒண்ணும் கேக்கல. வெக்கமும் போயிரல. ஆனா எந்திரிச்சு ஓடணும்னு மட்டும் அன்னைக்குத் தோணல. திட்டுவாருன்னு பயந்து இவ்வளவு நாளும் ஒளிஞ்சவ, அவரு முன்னால வெக்கத்தோடயே இருந்தா. அவரும் போன்னு சொல்லல. அது அவளுக்குத் தெரிஞ்சுது.

ம்.

அப்புறம் அவ எந்திரிச்சு, சீலையில கரியோட அடுத்த ஊருக்கு நடந்தா. தெபோராள் அடுப்படியில இருந்தா. அவ தம்பி பொஞ்சாதி சொன்னா, அக்கா அடுப்ப அணைச்ச பெறகும் திரும்பத் திரும்ப வந்து தொட்டுப் பாக்குறாங்க, தன் கையையே நம்ப மாட்டேங்குறாங்கன்னு. அதக் கேட்டதும் சீயோன்மணி அங்கேயே உக்காந்து, தல நிமிராம எல்லாத்தையும் சொன்னா.

தெபோராள் அவ எதிர்ல வந்து உக்காந்தா. அப்புறம் கேட்டா, "அப்போ நான் மறக்கலியா?"

"இல்லக்கா. நீங்க அணைச்சுட்டுத்தான் போனீங்க. நான்தான் பொருத்துனேன்."

"மறக்கலியா நான்?"

"மறக்கலக்கா. என்ன மன்னிச்சுருங்க."

தெபோராள் தன் ரெண்டு கையையும் மடியில வெச்சுப் பாத்தா. "மன்னிப்ப இன்னொரு நாளு கேளு, சீயோனு. இன்னைக்கு நான் மறக்கலங்கறத நெனச்சுக்கிட்டுக் கொஞ்சம் இருந்துக்கறேன்"னா.

அப்புறம் ஞாயித்துக்கெழம பூவரச மரத்தடியில, எல்லாரு முன்னாலயும் சீயோன்மணி எந்திரிச்சுச் சொன்னா. ஒருத்தரும் அவளத் திட்டல. திட்ட வாய் வரல. அந்தம்மாவ வழியனுப்பக்கூடப் போகலியேன்னு ஊரே தலையக் குனிஞ்சுச்சு.  அன்னைக்கே ஆளாளுக்குக் கெளம்பி, தெபோராள் வாசல்ல போயி நின்னாங்க.

அவ மன்னிச்சாளான்னு கேக்குறியா? மன்னிச்சா. ஆனா அன்னைக்கு இல்ல. புதுசா ஓல வேஞ்சு கோயிலத் தொறந்த அன்னைக்குச் சாயங்காலம், செபம் முடிஞ்சு எல்லாரும் போன பெறகு சீயோன்மணிய நிக்கச் சொன்னா. வெளக்க அவ முன்னால நீட்டுனா. "நீ ஊது"ன்னா. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னாங்க. பூ...ன்னு ஊதி அணைச்சா.

அவ்வளவுதான் கண்ணு கதை. நீயும் ஏதாச்சும் ஒளிச்சு வெச்சிருந்தா, எங்கிட்டச் சொல்லாட்டியும் போகுது, நேரா ஆண்டவருகிட்டச் சொல்லிட்டுக் கண்ண மூடு.