வில்காரியின் மஞ்சள்

பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் ரெஜினா வகுப்பு நடத்திவந்தாள். போர்டு கேம்களில் வரும் விரல் உயரப் பொம்மைகளுக்கு வண்ணம் பூசக் கற்றுத்தரும் வகுப்பு. அவளுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மாணவர்களில் மூத்தவர் கதிரேசன். நில அளவைத் துறையில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். மற்றவர்களைப் போல அவரும் அவளை மிஸ் என்றே கூப்பிட்டார்.

முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள்.

"சோப்புத் தண்ணியில கழுவுங்க. காஞ்சதும் பிரைமர் அடிங்க, அப்பதான் பெயிண்ட் பிடிக்கும். பெயிண்ட்ல சொட்டுத் தண்ணி கலந்து பூச ஆரம்பிங்க. அவ்வளவுதான் சார்."

கதிரேசன் கழுவினார். காயவைத்தார். சாம்பல் நிறத்தில் பிரைமர் அடித்தார். அதோடு நின்றுவிட்டார். அடுத்த வாரம் பிரஷுக்குப் பதில் கேள்வியோடு வந்தார்.

"மிஸ், எந்த பிரஷ் நல்லது?"

"கையில இருக்கறது."

"முகத்துல நிழல் எங்க விழணும்?"

"முதல்ல முகத்துல பெயிண்ட் விழட்டும்."

அவர் திருப்தி அடையவில்லை. பூதக்கண்ணாடி வாங்கினார். மேசை விளக்கை மாற்றினார். வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பாட்டில்களை நிறவாரியாக அடுக்கினார், கலைத்தார், வேறு மாதிரி அடுக்கினார். மேசையில் உட்கார்வார், உடனே எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்குமுன்பே மூச்சு வாங்க மாடியேறி வந்து உள்ளங்கையை விரித்தார். வில் ஏந்திய பெண் பொம்மை. முகம் மழுங்கியிருந்தது.

"கண் வரைஞ்சேன். ஒண்ணு மேல ஏறிடுச்சு. ஸ்பிரிட் வச்சுத் துடைச்சுட்டு மறுபடி வரைஞ்சேன். துடைச்சுத் துடைச்சு மூக்கு போயிடுச்சு."

"எதுக்கு சார் கண்ணுல ஆரம்பிச்சீங்க?"

"கண்ணு சரியா வந்தா மத்தது வந்துடும்னு நெனச்சேன். எனக்கு நாள் இல்ல மிஸ்."

ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

அவரும் மனைவி தமயந்தியும் தினமும் சாயங்காலம் அந்த கேம் ஆடுவார்கள். மகன் வாங்கி அனுப்பியது. குகைக்குள் நான்கு வீரர்கள், எதிரே பூதங்கள். தமயந்தி எப்போதும் வில்காரி. சில மாதங்களாக அவள் பார்வை மங்கிவருகிறது. நரம்புக் கோளாறு, போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருநாள் வில்காரி என்று நினைத்துப் பூதத்தை நகர்த்திவிட்டாள். சிரித்தாள். மறுநாள் தலைவலி என்று ஆட வரவில்லை. அதற்கு மறுநாளும் தலைவலி.

"எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பெயிண்ட் அடிச்சா அவளுக்கு அடையாளம் தெரியும். அதான்."

ரெஜினா அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கேட்டாள். கழற்றிக் கொடுத்தார். வில்காரியையும் வகுப்பில் இருந்த ஒரு சாம்பல் நிறப் பூதத்தையும் மேசையின் அந்தக் கோடியில் வைத்தாள்.

"வில்காரி எது?"

கதிரேசன் கண்ணை இடுக்கினார். "தெரியல."

அவள் ஒரு பட்டை பிரஷை எடுத்து பூதத்தின்மேல் பச்சையை அப்பினாள். பத்து மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

"இப்போ?"

"பச்சையா இருக்கறது பூதம்."

"அதுக்குக் கண்ணு இருக்கா?"

ரெஜினா கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சார், உங்க வீட்ல அவங்களுக்கு இப்போ எந்தெந்த நிறம் தெரியுது?"

கதிரேசன் அதைக் கேட்டதே இல்லை. வில்காரியை எடுத்துக்கொண்டார். வகுப்புக்கு நிற்காமல் படியிறங்கிப் போனார்.

தமயந்தி ஜன்னலோரம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு தாளில் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு பொட்டு வைத்து அவள் முன்னால் நீட்டினார்.

"இது என்ன கலர்?"

"கறுப்பு."

அது சிவப்பு.

"இது?"

"இதுவும் கறுப்புதானே?"

அது நீலம். அவர் விரல் அடுத்த பொட்டுக்கு நகர்ந்ததும் தமயந்தியின் கத்தி நின்றது.

"மஞ்சள்" என்றாள். "இது நல்லாத் தெரியுது."

"சிவப்பு எப்பலேர்ந்து தெரியல?"

"மழைக்கு முன்னாடியே."

"சொல்லவே இல்லையே."

"நீங்க அந்தப் பொம்மைக்குக் கண்ணு வரையறதுலயே இருந்தீங்க."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"பிரஷைக் குடுங்க."

மறுவாரம் கதிரேசன் வகுப்புக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து வில்காரியை எடுத்து மேசையில் வைத்தார். தலைமுதல் கால்வரை மஞ்சள். ஒரு பக்கம் திட்டுத்திட்டாக இருந்தது. வில்லுக்கும் கைக்கும் நடுவில் பெயிண்ட் வழிந்து கட்டியாகியிருந்தது. பீடத்தில் ஒரு விரல் ரேகை.

"அவளே தடவிப் பார்த்து அடிச்சா. நான் மத்த மூணு பேருக்கு அடிச்சேன்."

"ஆடினீங்களா?"

"வாரம் பூரா ஆடினோம். நேத்து ரெண்டு ஆட்டமும் அவதான் ஜெயிச்சா."

சொல்லிவிட்டும் அவர் கை சும்மா இருக்கவில்லை. பொம்மையைத் திருப்பினார். வழிந்த இடத்தை நகத்தால் சுரண்டப்போய் நிறுத்தினார். மறுபடி திருப்பினார்.

"மிஸ், இந்தக் கட்டியை எடுக்கலாமா? இந்தத் திட்டையும் சரி பண்ணணும். அவளுக்குத் தெரியாது. எனக்குத்தான் பார்க்கப் பார்க்க ஒரு மாதிரி இருக்கு. சரி பண்ண முடியும்தானே?"

ரெஜினா வில்காரியை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"முடியும்" என்றாள்.

பிறகு அதை அவர் சட்டைப்பையிலேயே திரும்பப் போட்டாள்.

"கிளம்புங்க சார். சாயங்காலம் இதை அங்க தேடுவாங்க."