சல்லடையின் மூன்றாவது பதில்

ஒரு நர்சிங் பள்ளியின் கணினிக்குள் சல்லடை ஒன்று குடியிருந்தது. மாவு சலிக்கிற சல்லடை இல்லை. மின்னஞ்சல் முகவரி சலிக்கிற சல்லடை. ஒரு முகவரியைக் கொடுத்தால், எழுத்தெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். பிறகு அந்த முகவரிக்குரிய அஞ்சல் வீடு வரைக்கும் ஓடும். வாசல் காவலரிடம், "இந்தப் பேர்ல உள்ள பெட்டி இருக்குங்களா?" என்று விசாரித்துவிட்டு வரும். வந்து மூன்றில் ஒரு பதில் சொல்லும்: இருக்கு, இல்லை, தெரியல.

சில காவலர்கள் வாயே திறக்கமாட்டார்கள். அதற்குத்தான் அந்தத் 'தெரியல'.

இத்தனை நாளும் அலுவலகத்துப் பிரபாவதிதான் சல்லடையை வேலை வாங்கினாள். அது 'தெரியல' என்றால், "சரி, நானே கேட்டுக்கறேன்" என்று போனை எடுப்பாள். சண்டை சச்சரவு இல்லாத குடித்தனம்.

அப்புறம் செயற்கை அறிவு ஏவலர் ஒருவர் வேலைக்கு வந்தார். அலுப்பென்றால் என்னவென்றே அறியாதவர். எழுதியிருந்தால் எழுதியபடி செய்வார். எழுதாத இடத்தில் திருதிருவென்று முழிப்பார். அவருக்குச் சல்லடையைப் பற்றி எடுத்துச் சொல்ல ஒரு விளக்கத்தாளும் வந்து சேர்ந்தது.

தாளுக்குக் கல்யாணத் தரகர் வாய். "எங்க சல்லடை மாதிரி உண்டா! கேட்ட கணத்தில் பதில்! இருக்குன்னா இருக்கு, இல்லைன்னா இல்லை!" என்று பதினோரு பத்திக்கு அளந்துவிட்டிருந்தது.

சல்லடை எட்டிப் பார்த்தது. "ஏங்க, தெரியலன்னும் சொல்வேனே, அது எங்க?"

"அதையெல்லாம் வெளிய சொல்லுவாங்களா? மானம் போயிடும். நீ பேசாம இரு."

புது ஆள் முன்னால் எதற்கு வாய்ச்சண்டை என்று சல்லடையும் இருந்துவிட்டது.

அன்று அறுபத்து மூன்று பெண்களுக்குச் சேர்க்கைக் கடிதம் போகவேண்டும். மாலை ஐந்து மணிக்குள் 'சேர்கிறேன்' என்று பதில் வராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. "எல்லா முகவரியையும் சோதிச்சு முடிச்சிட்டு அனுப்புங்க" என்று ஏவலரிடம் சொல்லிவிட்டுப் பிரபாவதி மாடியில் கூட்டத்துக்குப் போனாள்.

நாற்பது முகவரி மளமளவென்று முடிந்தது. நாற்பத்தொன்றாவது, முத்துப்பேச்சி என்கிற பெண்ணுடையது. சல்லடை ஓடிப்போய்த் திரும்பி வந்து, "தெரியல" என்றது.

ஏவலர் தாளைப் புரட்டினார். அப்படி ஒரு பதிலே அதில் இல்லை.

"அக்கா, இன்னொரு தடவ போயிட்டு வாங்க."

போனது. வந்தது. "தெரியல."

"இன்னொரு தடவ."

தூளிப் பிள்ளை மாதிரிதான். ஆட்டுகிற கை நின்றால் போதும், உடனே 'இன்னொரு தடவ'. எண்ணூறு தடவை ஆனது. அந்த அஞ்சல் வீட்டுக் காவலருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, உனக்கு வேற சோலியே இல்லையா? சில பெட்டிங்க உள்ள இருக்கா இல்லையான்னு வாசல்ல நின்னு கேக்கறவங்ககிட்ட சொல்ற பழக்கம் இந்த வீட்ல இல்ல. இன்னொரு தடவ தட்டுனே, உங்க பள்ளிக்கூடத்துக் கடுதாசி ஒண்ணுகூட இந்த வாசல் தாண்டாது!"

அறுபத்து மூன்று பேரில் ஐம்பது பேரின் பெட்டி அந்த வீட்டில்தான் இருந்தது. மணியோ நாலு. சல்லடை மூச்சிரைக்க வந்து தாளின் முன் நின்றது.

"ஐயா, ஒரே ஒரு வரி எழுதுங்க. எனக்குத் தெரியாததும் உண்டுன்னு."

"எதுக்கு வம்பு? 'இல்லை'ன்னு சொல்லிடேன். அந்த ஒரு பேரை அடிச்சிட்டு ஏவலர் போயிடுவார். வேலை முடிஞ்சுது."

"அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு பொண்ணு இருக்கா! பெட்டி இருந்து நான் இல்லைன்னு சொல்லிட்டா அவ படிப்பு போச்சு. அதை உங்க எந்தப் பத்தியில எழுதுவீங்க?"

தாள் கனைத்தது. "உன் மதிப்பு குறைஞ்சிடுமேன்னுதான்..."

"என் மதிப்பா, உங்க மதிப்பா?"

ஏவலர் நடுவில் தலையை நீட்டினார். "அக்கா, எண்ணூத்தி ஒண்ணாவது தடவ கெளம்பலாமா?"

தாளுக்கே வியர்த்துவிட்டது. அவசரமாகத் தன் அடிப்பக்கத்தில் எழுதிக்கொண்டது: "தெரியல என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. திரும்பத் திரும்பக் கேட்காதே. அந்தப் பேரைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதை முடி. தனியே வைத்ததை மனிதரிடம் கேள்."

ஏவலர் படித்தார். "ஓ!" என்றார். அவ்வளவுதான். மீதி முகவரியும் முடிந்து அறுபத்திரண்டு கடிதங்கள் பறந்தன. பிரபாவதியின் போனுக்குச் சேதி போனது. அவள் படியில் இறங்கிக்கொண்டே முத்துப்பேச்சியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அக்கா, அது என் முகவரியேதான்! காலையில இருந்து அதைத்தான் தொறந்து தொறந்து பாத்துட்டிருக்கேன். எங்கம்மா மூணு சாமிக்கு வேண்டிட்டாங்க, நாலாவது சாமி தேடுறாங்க!"

கடிதம் கிளம்பியது. காவலர் மறுபேச்சில்லாமல் வாங்கி உள்ளே கொடுத்தார். "கடுதாசின்னா குடு, வாங்கிக்கறேன். சும்மா நின்னு விசாரிச்சாத்தான் எனக்கு எரிச்சல்." ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் முத்துப்பேச்சியின் பதில் வந்துவிட்டது.

தாளுக்குப் பழைய தெம்பு திரும்பியது. "ஏவலரே, மனசைத் தொட்டுச் சொல்லுங்க. நான் எழுதினதுல எந்த இடம் பிரமாதம்?"

"அந்தத் 'தெரியல'தான் ஐயா," என்றார் ஏவலர். "அதைப் படிச்ச பிறகுதான், சல்லடை அக்கா 'இருக்கு'ன்னு சொன்னா நம்பலாம்னு தோணுச்சு."